அம்பாசடருக்கு ஒரு பாஸ் லைட்: சுவிட்ச், ரிலே, கொஞ்சம் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் இரவு நேரம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். திருச்சி–காரைக்குடி பெரிய ரோட்டை விட்டு பொன்னமராவதி பக்கமோ அறந்தாங்கி பக்கமோ திரும்பிவிட்டால், பல இடங்களில் ரோட்டுக்கு நடுவில் தடுப்பு கிடையாது. தெரு விளக்கு ஊருக்குள்ள மட்டும் தான். மாடு ரோட்டிலேயே படுத்திருக்கும். எதிரில் வரும் பஸ் பிரைட்டிலேயே வரும். "நான் இங்க இருக்கேன், கொஞ்சம் டிம் பண்ணுப்பா" என்று சொல்ல உங்களிடம் இருப்பது ஹெட்லைட்டை ஒரு தடவை அடித்துக் காட்டுவது மட்டுமே.

இன்றைய கார்களில் இதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள கம்பியை விரலால் இழுத்தால் போதும். பைக்கில் இடது கைப்பிடியில் 'பாஸ்' என்று ஒரு பட்டன். பழைய அம்பாசடரில் இந்த வசதி கிடையாது. அதை நாமே எப்படிச் சேர்ப்பது, ஏன் அப்படிச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. அந்தக் காலத்து மற்ற கார்களுக்கும் இதே தத்துவம் பொருந்தும்.

காலடியில் இருக்கும் சுவிட்ச்

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. பழைய மாடல்களில் டிம்–பிரைட் மாற்றும் சுவிட்ச் தரையில், கிளட்சுக்கு இடப்பக்கம் இருக்கும். இடது காலால் ஒரு மிதி மிதித்தால் பிரைட், இன்னொரு மிதிக்கு டிம். அந்தக் கால பஸ், லாரிகளிலும் இதே ஏற்பாடு தான்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, லைட் அடித்துக் காட்ட இரண்டு தடவை மிதிக்கணும். அதே நேரத்தில் கியர் மாற்ற வேண்டி வந்தால் இடது காலுக்கு இரண்டு வேலை. இரண்டு, ஹெட்லைட் அணைந்திருந்தால் இந்தச் சுவிட்சை எத்தனை தடவை மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. பகலில் குறுகலான பாலத்தில் எதிரே லாரி வரும்போது அடித்துக் காட்ட வழியே இல்லை.

சரி, ஒரு பட்டனை வாங்கி பேட்டரியிலிருந்து நேராக பிரைட் வயருக்குக் கொடுத்தால் என்ன? முதலில் தோன்றும் யோசனை இதுதான். கணக்குப் போட்டால் இது ஏன் சரிவராது என்று புரியும்.

10 ஆம்பியர் கணக்கு

இன்று பரவலாகக் கிடைக்கும் ஹெச்4 பல்பில் பிரைட் 60 வாட், டிம் 55 வாட். இரண்டு பல்புக்கும் சேர்த்து பிரைட்டில் 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். அதோடு, குளிர்ந்திருக்கும் ஃபிலமெண்டின் மின்தடை ரொம்பக் குறைவு. போட்ட அந்தக் கணத்தில் மட்டும் வழக்கமான கரண்டைப் போலப் பல மடங்கு பாயும். ஒரு சின்ன பட்டனுக்குள் இருக்கும் மெல்லிய தகடு இதைத் தாங்காது. பொறி பறக்கும், முனை கருகும். ஒட்டிக்கொண்டால் லைட் அணையவே அணையாது.

பட்டனை விடுங்கள். ஏற்கனவே இருக்கும் வயரிங்கே பிரச்சினை தான். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், கீழே இறங்கி கால் சுவிட்சுக்குப் போய், மறுபடி முன்னால் வந்து பல்பைத் தொடுகிறது. நாற்பது வருட வயர், பச்சை பிடித்த செம்பு, தளர்ந்த இணைப்பு எல்லாம் சேர்ந்து வெறும் 0.1 ஓம் மின்தடை என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் × 0.1 ஓம் = 1 வோல்ட் வழியிலேயே காலி.

12-ல் 1 போனால் 8 சதவீதம் தானே என்று தோணும். ஆனால் ஃபிலமெண்ட் பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் மாறுவதில்லை. ஏறக்குறைய வோல்டேஜின் 3.4-வது அடுக்கில் மாறும். 12-க்குப் பதில் 11 வோல்ட் போனால் வெளிச்சம் சுமார் 74 சதவீதம். 10.5 வோல்ட் என்றால் 63 சதவீதம். "பழைய கார் லைட்டு அப்படித்தான் மஞ்சளா எரியும்" என்று நாம் ஏற்றுக்கொண்ட விஷயத்தில் பாதி, வயரிலும் சுவிட்சிலும் சூடாக வீணாகிப் போகும் கரண்ட்.

இதை எப்படி அளப்பது? பிரைட் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் கரண்ட் முனையிலும், மறு முனையை பல்பின் பிரைட் பின்னிலும் வையுங்கள். மீட்டர் காட்டும் எண் தான் வழியில் தொலைந்த வோல்ட். அதே மாதிரி பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவில் அளங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

ரிலே: ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் செய்ய

ரிலே என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. நெடுந்தூரப் பயணத்தில் களைத்த குதிரையை விட்டுவிட்டுப் புதுக் குதிரையை மாற்றிக்கொள்ளும் இடத்துக்கு அந்தப் பெயர். ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1835 வாக்கில் செய்து காட்டிய மின் ரிலேயும் அதே வேலையைத் தான் செய்தது. தூரத்திலிருந்து வரும் பலவீனமான கரண்ட் ஒரு மின்காந்தத்தை இயக்கும். அந்தக் காந்தம், பக்கத்தில் இருக்கும் பலமான பேட்டரியின் சுற்றை மூடும். தந்தி நீண்ட தூரம் போனது இந்தத் தத்துவத்தால் தான்.

காரிலும் அதுவே. ரிலேயின் காயிலுக்கு சுமார் 0.15 ஆம்பியர் போதும். 10 ஆம்பியர் உள்ளே இருக்கும் தடிமனான முனைகள் வழியாகப் போகும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சொல்வதானால், கட்டளை போகும் பாதையும் சரக்கு போகும் பாதையும் தனித்தனி. கட்டளை மெல்லிய வயரில் டிரைவரிடம் வரட்டும். சரக்கு பேட்டரியிலிருந்து லைட்டுக்குக் குறுக்கு வழியில் போகட்டும்.

கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஃப்ளாஷர்" என்று கேட்டால் இண்டிகேட்டரை மினுக்கும் டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். "ஹெட்லைட் ரிலே, 12 வோல்ட், 4 பின், 30 ஆம்பியர்" என்று தெளிவாகக் கேளுங்கள். லாரிக்கான 24 வோல்ட் ரிலே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் 12 வோல்ட்டில் இழுக்காது.

எந்தப் பின் எங்கே

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் இருக்கும். ஜெர்மன் தரப்படி வந்த எண்கள், பரவலாக இதே தான்.

- 30: பேட்டரியிலிருந்து நேராக, 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக. ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில்.
- 87: இரண்டு ஹெட்லைட்டின் பிரைட் பின்னுக்கும். இதற்கும் 30-க்கும் 2.5 சதுர மி.மீ. ஆட்டோ வயர்.
- 85: பாடியில் எர்த். பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் போல்ட் போடவும்.
- 86: கட்டளை வரும் இடம்.

இந்த 86-க்கு இரண்டு இடத்திலிருந்து கட்டளை வரணும். ஒன்று, கால் சுவிட்சிலிருந்து வரும் பழைய பிரைட் வயர். இதை பல்பிலிருந்து பிரித்து இங்கே கொண்டுவர வேண்டும். இன்னொன்று, நம்முடைய புது பாஸ் சுவிட்ச். அதற்கு பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுத் தனி கரண்ட். இரண்டில் எது வந்தாலும் ரிலே இழுக்கணும்.

இரண்டு வயரையும் அப்படியே முறுக்கி 86-ல் சொருகலாமா? கூடாது. பாஸ் சுவிட்சை அழுத்தும்போது கரண்ட் பழைய பிரைட் வயரில் பின்னோக்கிப் போகும். கால் சுவிட்ச் பிரைட் பக்கம் இருந்தால் டேஷ்போர்டு சுவிட்ச் வரைக்கும் போய்ச் சேரும். யாராவது எப்போதாவது அங்கே ஃபாக் லைட்டுக்கு ஒரு வயர் இழுத்திருந்தால் அதுவும் சேர்ந்து எரியும், சுமை முழுக்க நம் சின்ன பட்டன் மேல் விழும். அதனால் ஒவ்வொரு வயரிலும் ஒரு 1என்4007 டயோடு. வெள்ளிக் கோடு 86-ஐப் பார்த்து இருக்கணும். இது 1 ஆம்பியர் தாங்கும், நமக்குத் தேவை 0.15 தான். டயோடில் 0.7 வோல்ட் குறையும், ரிலே இழுக்க அது தடையில்லை.

ஒரு முக்கியமான சோதனை: பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி பேட்டரியின் பாசிட்டிவ் முனையை எர்த் செய்த வண்டிகளும் உண்டு. அப்படியானால் டயோடு இரண்டையும் திருப்பிப் போட வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரியைப் பாருங்கள், பிறகு எர்த் முனையைக் கழற்றுங்கள்.

சுவிட்சுக்கு பைக்கின் பாஸ் பட்டனே போதும். அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் வகையாக இருக்கணும், அவ்வளவு தான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் விரலுக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். ரிலேயை பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் மழைத் தண்ணி தேங்காது. தகட்டைத் துளைத்து வயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அது இல்லாமல் போன வயர் ஆட்டத்தில் உரசி உரசி ஒரு நாள் பாடியைத் தொடும்.

டிம்மை மட்டும் பழைய வயரிங்கிலேயே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. ரிலேயோ ஃப்யூஸோ நடு ரோட்டில் போய்விட்டால், மங்கலாகவாவது ஒரு வெளிச்சம் மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் தொங்கவிடக் கூடாது. டிம்முக்கும் ரிலே வேண்டுமென்றால் தனி ரிலே, தனி ஃப்யூஸ்.

டிம் எரியும்போது பாஸ் அடித்தால் பல்பில் இரண்டு ஃபிலமெண்டும் சேர்ந்து எரியும். ஒரு நொடிக்கு ஒன்றும் ஆகாது. விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே போகாதீர்கள்.

ரிலே இருக்கேன்னு பெரிய பல்பா?

ரிலே போட்டதும் அடுத்த ஆசை 100/90 வாட் பல்பு. வேண்டாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் நீங்கள் நொடிக்கு 16.7 மீட்டர் போகிறீர்கள். எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் குறைகிறது. உங்கள் வெளிச்சத்தில் அவருக்கு மூன்று நொடி கண் கூசினால், 50 மீட்டர் தூரம் அவர் எதையும் பார்க்காமல் ஓட்டுகிறார். அதில் உங்கள் காரும் இருக்கிறது, ரோட்டோரம் நடந்து போகிறவரும் இருக்கிறார். வழியில் தொலைந்த ஒரு வோல்ட்டை மீட்டாலே 60/55 பல்பு புதுசு மாதிரி எரியும்.

பாஸ் லைட்டுக்கு நம்ம ஊரில் ஒரே அர்த்தமும் கிடையாது. குறுகிய பாலத்தில் முதலில் அடித்தவர் "நான் வர்றேன், நீ நில்லு" என்கிறார். சில பேர் "நீங்க போங்க" என்பதற்கும் அடிக்கிறார்கள். அதனால் அடித்துவிட்டோம் என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், அவர் வண்டி வேகம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் போங்கள்.