வாயைத் திறந்து தூங்கும் குழந்தை

தூக்கத்தின் அருமையை நெய்வேலிப் பெண்களிடம் கேட்க வேண்டும். 1957-ல் அங்கே மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார்கள். இன்று சுரங்கமும் அனல் மின் நிலையமும் இராப் பகலாக மூன்று ஷிப்ட் ஓடுகின்றன. வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டால் போதும். பாத்திரம் உருளாது, டெலிவிஷன் பேசாது, வாசலில் வரும் கீரைக்காரியைக்கூட சைகையிலேயே அனுப்பிவிடுவார்கள்!

பெரியவர் தூக்கத்துக்கு இத்தனை காவல். சரி, பக்கத்துப் பாயில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் ஏழு வயதுக் குழந்தையின் தூக்கத்தைக் கவனித்தீர்களா? "அப்படியே அப்பா மாதிரி குறட்டை!" என்று சிரித்துவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறோம். அது சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயம் அல்ல.

மூக்கு இருக்க வாய் எதற்கு?

மூச்சு விடுவதற்கென்று ஏற்பட்டது மூக்கு. காற்றிலுள்ள தூசியை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்பும் வேலை அதனுடையது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, 'அடினாய்டு' என்று ஒரு சதை உண்டு. மூன்று முதல் ஆறு வயதுக்குள் அது பெரிதாக வளர்ந்து, பிறகு மெல்லச் சுருங்கும். சில குழந்தைகளுக்கு அது அளவுக்கு மீறி வளர்ந்து வழியை அடைத்துக்கொள்கிறது. இதை 1868-லேயே கோபன்ஹேகன் நகரத்து டாக்டர் வில்ஹெல்ம் மேயர் கண்டு சொன்னார். ஓயாத அலர்ஜிச் சளியும் மூக்கை அடைக்கும். மூக்கு அடைத்தால் குழந்தை என்ன செய்யும்? வாயைத் திறக்கும்.

வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்து, அது அகலமாக வளர உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. வாய் எப்போதும் திறந்தே இருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். முட்டுப் போன மேலண்ணம் குறுகி உயரும். பற்களுக்கு இடம் போதாமல் தெற்றுப்பல்லும் எடுப்புப்பல்லும் தோன்றலாம். எல்லாக் கோணல் பல்லுக்கும் இதுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பரம்பரையும் உண்டு, விரல் சூப்பும் பழக்கமும் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேலண்ணம் குறுகியோ கீழ்த் தாடை சிறுத்தோ இருந்தால், இரவில் மூச்சு போகும் வழியும் குறுகலாகிவிடும்.

இரவில் நடப்பது

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஏற்கெனவே குறுகலான வழி இன்னும் குறுகிக் குறட்டையாக ஒலிக்கிறது. சில சமயம் முழுக்க அடைத்து, சில விநாடிகள் மூச்சே நின்றுபோகும். உடனே மூளை தட்டி எழுப்ப, குழந்தை திணறிப் புரண்டு படுக்கும். இரவெல்லாம் இதே கதை. குழந்தைகளுக்கும் இந்த உபாதை உண்டு என்று 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து டாக்டர் கிறிஸ்டியன் கில்லமினோ விவரித்தார்.

தூக்கம் கெட்ட பெரியவர்கள் மறுநாள் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ பெரும்பாலும் நேர்மாறு! ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், தொட்டதற்கெல்லாம் சிணுங்குவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. "பையனுக்குக் கவனமே இல்லை" என்று டீச்சர் எழுதி அனுப்புவார். வீட்டிலே 'மக்கு' என்று பட்டம். சில வீடுகளில் அடியும் உண்டு. மூச்சுக்குத் திணறுகிற குழந்தைக்கு அடி என்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, மூச்சு நின்று திணறுவது, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுப்பது, தலையணை நனைய வியர்ப்பது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் வழக்கம் திரும்புவது, காலையில் தலைவலி - இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைப் பாருங்கள். இரவில் செல்போனில் இரண்டு நிமிஷம் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், நீங்கள் வாயால் சொல்வதைவிட அவருக்கு நன்றாக விளங்கும்.

கிளிப் போட்டால் போதுமா?

பெண்ணுக்குப் பல் எடுப்பாக இருந்தால், "கல்யாணத்துக்குள் கிளிப் போட்டுச் சரி பண்ணிவிடலாம்" என்கிறோம். அழகைப் பற்றித்தான் கவலை. அவள் இரவில் எப்படித் தூங்குகிறாள் என்று யாரும் கேட்பதில்லை. கிளிப் போட்டால் குறட்டையும் நின்றுவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல.

முதலில் பார்க்க வேண்டியவர் காது-மூக்கு-தொண்டை டாக்டர். அலர்ஜியானால் மருந்து, அடினாய்டும் டான்ஸிலும் வழியை அடைத்திருந்தால் ஆபரேஷன். ஆபரேஷன் என்றதும் பதற வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்ட, ஐந்து முதல் ஒன்பது வயதுவரையுள்ள 464 குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 79 சதவிகிதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியாக வந்தது; செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவிகிதம் பேருக்குச் சரியாகியிருந்தது! யாருக்கு எது வேண்டும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

பல் சீரமைப்பு நிபுணருக்கும் இதில் பங்கு உண்டு. மேலண்ணத்தின் இரு பாதி எலும்புகளும் வளரும் பருவத்தில் இறுகிச் சேர்ந்திருப்பதில்லை. ஒரு சிறு கருவியைப் பொருத்தி, சாவியால் ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் திருகி, அதை அகலமாக்குகிறார்கள். வாயின் கூரைதானே மூக்கின் தரை? ஆகவே சில குழந்தைகளுக்கு மூச்சும் சுலபமாகிறது. எல்லோருக்கும் அல்ல. மேலண்ணம் குறுகியிராத குழந்தைக்கு இது வேண்டியதும் இல்லை. சீரமைப்புக்காகப் பல் எடுத்தால் மூச்சுத்தடை வரும் என்ற பயமும் வேண்டாம். அதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க நிபுணர் சங்கம் 2019-ல் தெரிவித்தது.

குழந்தைக்கு மூக்கடைப்பு உண்டென்றால் கிளிப் போடுமுன்பே சொல்லிவிடுங்கள். புதிதாகப் போட்ட சில இரவுகள் எச்சில் ஊறும், உறுத்தும், தூக்கம் கலையும், பிறகு பழகிவிடும். வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கும் புது வழக்கத்தைக் குழந்தையிடம் பரீட்சிக்கவே வேண்டாம். மூக்கும் அடைத்து வாயையும் அடைத்தால் என்ன ஆவது?

நெய்வேலிக்காரர்களுக்கு ஊரிலேயே என்.எல்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்துச் சிதம்பரத்தில் 1980-ல் ஆரம்பித்த பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுரங்க ஊரில் தூசு சகஜம்தான். ஆனாலும் பழி முழுவதையும் ஊரின் மேல் போடாதீர்கள்! கொசுவர்த்திப் புகை, வெயில் காணாத தலையணை, சிகரெட் இவையெல்லாம் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பவை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை, நாளொன்றுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெரிய செலவு ஒன்றும் இப்போதே வேண்டாம். இன்றிரவு எல்லோரும் அடங்கிய பிறகு, குழந்தையின் அருகில் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, அது மூச்சு விடுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இதில் டாக்டருக்கு முதல் தகவல் தரக்கூடியவர் நீங்கள்தான்.