டோக்கன் தொலைந்தால் ஐநூறு ரூபாயா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)

நம்மில் பாதிப் பேராவது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டுத்தான் பாலிடெக்னிக் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே எட்டிப் பார்த்தால் சைக்கிள் நாலு இருக்கும், மோட்டார் சைக்கிள் நானூறு இருக்கும். அங்கே கையில் திணிக்கிற அந்தத் துண்டுச் சீட்டை என்றைக்காவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? நானும் படித்ததில்லை. 'வாகனத்திற்கு உரிமையாளரே பொறுப்பு. டோக்கன் தொலைந்தால் அபராதம் ரூ. 500' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அந்த ஐநூறு ரூபாய் எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தியது, அதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நான் வக்கீல் படிப்புப் படிக்கவில்லை. லேத்தும் வெல்டிங்கும்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம் அல்லவா?

என் அப்பா காய்கறி மார்க்கெட்டில் லோடு மேன். விடியற்காலை நாலு மணிக்கு லாரி வந்து நிற்கும்போது அவர் அங்கே இருக்க வேண்டும். பிந்தினால் அன்றைய கூலி வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் கிராமத்திலிருந்து டவுன் ஆறு கிலோ மீட்டர். அந்த நேரத்தில் பஸ் ஏது? அதற்காகவே ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வாங்கி வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் ஓடுகிற ஒரே எஞ்சின் அதுதான்.

2024 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, அப்பாயிக்குக் கண் ஆபரேஷன் என்று வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு மதுரைக்குப் போனார். வியாழக்கிழமை ராத்திரி திரும்பி வந்து பையைத் துழாவினால் டோக்கன் இல்லை. மதுரையில் சட்டையை அலசியபோது பையோடு கரைந்து போயிருக்கிறது. ஸ்டாண்டுக்காரர், "பெரியவரே, டோக்கன் இல்லன்னா ஐநூறு அபராதம். நாலு நாளைக்கு எண்பது. எடுத்து வச்சா வண்டி" என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் எழுபது ரூபாய்தான் இருந்தது. ஒன்றும் பேசாமல் மழையில் ஆறு கிலோ மீட்டர் நடந்தே வீட்டுக்கு வந்தார். மறுநாள் லோடுக்குப் போக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானும் அவரோடு போனேன். படிக்கிற பையன் அல்லவா, குரல் கொஞ்சம் பெரிசாகவே இருந்தது. "போலீஸ்ல சொல்லுவேன்" என்றேன். "போய்ச் சொல்லு தம்பி" என்று அவர் டீ குடிக்க ஆரம்பித்தார். பிறகு நானே இறங்கிப் போய், பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்ததில் இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்து, "மீதியை அடுத்த வாரம் தர்றோம், வண்டிய விடுங்கண்ணே" என்று கெஞ்சினேன். பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஆர்.சி. புக்கைக் கொண்டா" என்றார். ரசீது கேட்கத் தோன்றவில்லை. முதல் தப்பு அது.

ஆர்.சி. புக்கை எடுத்துப் போனோம். அங்கேதான் விஷயம் வெடித்தது. வண்டியை அப்பா வாங்கியது பக்கத்துத் தெரு மாமாவிடம். பணம் கொடுத்தார், சாவியை வாங்கினார், அவ்வளவுதான். பேர் மாற்றவே இல்லை. ஸ்டாண்டுக்காரர் புக்கைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு உங்கப்பாவா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப திருட்டு வண்டியா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். மார்க்கெட் ஆட்கள் இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முப்பது வருஷமாகப் பிறத்தியார் மூட்டையைச் சுமக்கிற மனிதர். ஒரு தக்காளியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. ஐநூறு ரூபாயை மறந்திருப்பேன், அதை மறக்க முடியவில்லை.

சனிக்கிழமை முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்தேன். எங்கள் பணிமனைப் பயிற்றுநர் ஐயாதான் 'இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான சட்டம், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

ஒரு பொருளைக் குறிப்பிட்ட காரியத்துக்காக இன்னொருவரிடம் ஒப்படைத்து, காரியம் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வது என்று பேசிக்கொண்டால் அதற்கு பெயில்மெண்ட் என்று பெயர். பிரிவு 148 அதைச் சொல்கிறது. தையற்காரரிடம் துணி, சலவைக்காரரிடம் சட்டை எல்லாம் இந்த வகை. வாங்கி வைத்திருப்பவர், தன் சொந்தப் பொருளை ஒரு சராசரி விவேகமுள்ள மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனமாக இதையும் பார்க்க வேண்டும் என்கிறது பிரிவு 151. வைத்திருக்கிற காலம் முடிந்ததும் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 160. சைக்கிள் ஸ்டாண்டு இதில் வருமா? சாவி நம் பையிலேயே இருப்பதால், நாங்கள் இடத்தைத்தான் வாடகைக்கு விடுகிறோம் என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் டோக்கனைக் காட்டாமல் வண்டியை வெளியே விடமாட்டேன் என்று வாசலில் மறித்து நிற்கிறவர், வண்டி என் பொறுப்பில் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? மறிக்கிற கை காப்பாற்றவும் வேண்டும்தானே!

'உரிமையாளரே பொறுப்பு' என்ற வாசகத்துக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மகால் ஓட்டலில் ஒருவர் தன் மாருதி ஜென் காரை ஓட்டல் ஆளிடம் சாவியோடு ஒப்படைத்தார். கார் திருட்டுப் போனது. டோக்கனில் உரிமையாளர் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறதே என்றது ஓட்டல். வழக்கு இருபது வருஷம் நடந்து 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தங்கள் கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அந்த வாசகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அங்கே சாவியையும் கொடுத்திருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஸ்டாண்டு கேஸ் அதற்கு ஒரு படி கீழேதான்.

சரி, அபராதம்? பிரிவு 74ஐப் படித்தபோது எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதற்கு மேல் உச்சவரம்பு, அவ்வளவுதான். 1963லேயே ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒரு துண்டுச் சீட்டு தொலைந்ததால் ஸ்டாண்டுக்காரருக்கு என்ன நஷ்டம்? புதுச் சீட்டு அச்சடிக்கிற காசும், வண்டி யாருடையது என்று விசாரிக்கிற பத்து நிமிஷமும். அதற்கு ஐநூறா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய அபராதத்தை நுகர்வோர் தலையில் கட்டுகிற ஒப்பந்தம் நியாயமற்ற ஒப்பந்தம். இந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போகும், மாவட்டத்துக்கு அல்ல. இன்னொன்று, சேவைக்குக் காசு வாங்கிக்கொண்டு ரசீது தராதது நியாயமற்ற வணிக நடைமுறை. இதற்கு மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

காசு வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று கேட்பீர்கள். பிரிவு 170ல் அப்படி ஓர் உரிமை இருக்கிறது. ஆனால் அது பொருளின் மீது உழைப்போ திறமையோ செலவழித்தவருக்கு. வைரத்தைப் பட்டை தீட்டியவர், துணியைக் கோட்டாகத் தைத்தவர் என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது. எங்கள் எக்ஸ்.எல்.லை யாரும் பட்டை தீட்டவில்லை. மழையில்தான் நனைய விட்டிருந்தார்கள்.

இங்கிலாந்துக் கதை ஒன்றும் பயிற்றுநர் ஐயா சொன்னார். அங்கே தனியார் இடத்தில் நிறுத்திய வண்டிக்குச் சக்கரப் பூட்டுப் போடுவதை 2012ல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அதனால் பார்க்கிங் கம்பெனிகள் வண்டி எண்ணைப் படம் பிடித்து வீட்டுக்குத் தபாலில் பில் அனுப்புகின்றன. செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் இரண்டு மணி நேரம் இலவசம் என்ற இடத்தில் ஒருவர் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்தியதற்கு 85 பவுண்டு பில். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015ல் கம்பெனி பக்கமே தீர்ப்பானது. எல்லாரும் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அப்படி ஒரு கட்டணம் வைப்பதில் நியாயம் இருக்கிறது, போர்டும் பெரிசாக வைத்திருக்கிறார்கள் என்பது காரணம். ஆக, கேஸ் போட்டாலே ஜெயித்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்டாண்டுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. டோக்கன் இல்லாமல் கேட்டவருக்கெல்லாம் வண்டியைத் தூக்கிக் கொடுத்தால், நாளைக்கு நம் வண்டியை எவனோ ஓட்டிக்கொண்டு போவான். அவர் அடையாளம் கேட்டது தப்பே இல்லை. கேட்ட விதமும் தொகையும்தான் தப்பு.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஸ்டாண்டு நகராட்சியின் இடம். வருஷா வருஷம் ஏலத்தில் குத்தகைக்கு விடுகிறார்கள். வருவாய்ப் பிரிவில் இருந்த அம்மா ஃபைலைப் புரட்டிக் கட்டணப் பட்டியலைக் காட்டினார். இருசக்கர வண்டிக்கு நாளுக்குப் பத்து ரூபாய். எங்களிடம் கேட்டது இருபது! டோக்கன் தொலைந்தால் அபராதம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. "எழுதிக் கொடுங்க, கூப்பிட்டுக் கேக்குறோம்" என்றார். நிபந்தனைகளின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனுவும் கொடுத்தேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தாறாம் நாள் வந்தது. அதற்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

எப்படி வந்தது? அன்று மதியமே ஒரு கடிதம் எழுதினேன். வண்டி எண், சேஸிஸ் எண், நிறுத்திய தேதி, டோக்கன் கரைந்த விவரம், நாலு நாளைக்கு உரிய கட்டணமும் டோக்கன் செலவும் கட்டத் தயார், ரசீது வேண்டும், பின்னால் வேறு யாராவது இந்த வண்டிக்கு உரிமை கேட்டால் நாங்களே பொறுப்பு. இவ்வளவுதான். இரண்டு பிரதி. ஒன்றில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்தலாம் என்று இருந்தேன். பக்கத்துத் தெரு மாமா, "வண்டிய நான்தான் இவருக்கு வித்தேன்" என்று கீழே கையெழுத்துப் போட்டு, ஆதார் அட்டையோடு கூடவே வந்தார். இந்தத் தடவை நான் கத்தவில்லை. குத்தகைதாரரே அன்று இருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஐநூறுக்கு ரசீது போட்டுக் குடுங்கண்ணே, இப்பவே கட்டுறேன்" என்றேன். ஐநூறு என்று எழுதி சீல் வைத்தால் அது நேரே நகராட்சிக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் எங்கேயோ பார்த்தார். "நாப்பதும் டோக்கனுக்கு இருபதும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். அறுபது ரூபாய்க்கு ரசீது வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை கொடுத்த இருநூறைக் கேட்டேன். "எந்த இருநூறு?" என்றார் அந்த ஆள். என்னிடம் காகிதம் இல்லையே! அது போனது போனதுதான். வழக்குப் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். ரசீது இல்லாத இருநூறுக்காக அப்பா நாலு நாள் கூலியை விட்டுவிட்டு ஆணையத்துக்கு அலைவது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பேர் மாற்றும் வேலையையும் முடித்துவிட்டோம். விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 சொல்கிறது. படிவம் 29, படிவம் 30. நாங்கள் இரண்டு வருஷம் பிந்தியிருந்தோம், அதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய வண்டியின் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறது என்று இன்று சாயங்காலமே பாருங்கள். டோக்கன் வாங்கியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்பா என்னைப் பாராட்டவில்லை. "அவன்கிட்டதான்டா நாளைக்கும் வண்டி போடணும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் புதிய ஆர்.சி. தபாலில் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர், தன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் போனார்.