அளவறிந்து இறுக்குவோம்

நெகிரி செம்பிலானில் பகாவ், கிம்மாஸ் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்கள் பல உள்ளன. அறுவடை செய்த குலைகளைக் கூடியவரை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதமானால் கொழுப்பு அமிலம் மிகுந்து எண்ணெயின் தரம் குன்றும். குலைகளை ஏற்றிச் செல்லும் டிராக்டர் பாதி வழியில் நின்றால் இழப்புதான். ஒரு சிறிய திருகாணிகூட அதற்குக் காரணமாகலாம்.

திருகாணியை இறுக்கும்போது அது ரப்பர் வளையம்போல மிகச் சிறிதளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அதன் இழுவிசையே பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் திருகாணி அதிர்வில் கழன்றுவிடும். அளவு மீறினால் முறிந்துவிடும். ஆகவே, முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டும். உரிய அளவு இயந்திரக் கையேட்டில் நியூட்டன் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் மூடியின் திருகாணிகளைப் பொதுவாக நடுவிலிருந்து வெளிப்புறமாக, சில சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்குவர். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முழுமையாக இறுக்கினால் மூடி சீராக அமராது, கசிவு ஏற்படும்.

திருகாணி முறிந்துவிட்டால் அவசரம் கூடாது. முதலில் துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவிட வேண்டும். முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் கவ்விச் சுழற்றி எடுக்கலாம். உள்ளே சிக்கியிருந்தால், அதன் சரிநடுவில் துளையிட்டு, இடப்புறமாகச் சுழலும் மரை கொண்ட கருவியைச் செலுத்தி மெதுவாகத் திருப்பி எடுக்க வேண்டும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் அக்கருவியும் உள்ளேயே உடையும். கடினமான எஃகால் ஆன அதனை அகற்றுவது இன்னும் சிரமம்.

கையின் பலத்தைவிட, அளவறிந்து செயல்படும் பொறுமையே இயந்திரத்தைக் காக்கும்.