கையெழுத்து டாக்டருடையது, பாடம் கடைக்காரருடையது

அமெரிக்காவில் தீராத முதுகுவலிக்காரர் ஒருவர் மருத்துவக் கஞ்சா வாங்க நினைத்தால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆனால் டாக்டரால் வழக்கமான மருந்துச் சீட்டு எழுத முடியாது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, மருத்துவப் பயனே இல்லாதவை என்ற முதல் பட்டியலில் வைத்தது. 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது, அதைப் பரிந்துரைக்கும் டாக்டர்களின் மருந்தெழுதும் அனுமதியைப் பறிப்போம் என்று வாஷிங்டன் மிரட்டியது. நோயாளியிடம் கஞ்சாவைப் பற்றிப் பேசுவது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்று பல மாநிலங்களில் டாக்டர் தருவது, 'இவருக்கு இன்ன நோய் இருக்கிறது' என்ற சான்று மட்டுமே. எந்த வகை, எவ்வளவு, எத்தனை வேளை? காகிதத்தில் பெரும்பாலும் இருக்காது.

அதைச் சொல்பவர் கடையில் நிற்கிறார். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கஞ்சாக் கடைப் பணியாளர்களில் 94 சதவீதம் பேர் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வதாகக் கூறினார்கள். மருத்துவ, அறிவியல் பயிற்சி பெற்றவர்கள் 20 சதவீதம்தான். இதைவிடக் கவலை தருவது 2018-இல் கொலராடோவில் வெளிவந்த சங்கதி. எட்டு வாரக் கர்ப்பிணி, வாந்தி தாங்க முடியவில்லை என்று பாசாங்கு செய்து ஆய்வாளர்கள் 400 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். 69 சதவீதக் கடைகள் கஞ்சாவையே சிபாரிசு செய்தன!

“என் டாக்டருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது” என்று நோயாளிகள் சொல்வது அவதூறு அல்ல. செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி டாக்டர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் மருத்துவக் கஞ்சா பற்றி எந்தக் கல்வியும் பெறவில்லை என்றார்கள். தங்கள் பட்டதாரிகள் கஞ்சா எழுதித்தரக் கொஞ்சமும் தயாராக இல்லை என்று, பதில் தந்த மருத்துவக் கல்லூரிகளில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்டன.

இந்த அறியாமை தானாக வந்ததல்ல. 1850 முதல் 1942 வரை அமெரிக்க மருந்து நூலிலேயே கஞ்சா இடம்பெற்றிருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷானசி என்ற ஐரிஷ் டாக்டர் 1839-இல் எழுதிய ஆய்வுதான் மேற்கத்திய மருத்துவத்தில் அதற்கு வாசல் திறந்தது. 1937-இல் கஞ்சா மீது வரிச்சட்டம் வந்தபோது அமெரிக்க மருத்துவச் சங்கமே எதிர்த்துச் சாட்சி சொன்னது, யாரும் கேட்கவில்லை. அதன்பின் வந்த தலைமுறைகள் கஞ்சாவைப் போதைப் பொருளாக மட்டுமே படித்தன.

ஆனாலும் நோயாளிகளின் வாதத்தில் பாதிதான் சரி என்பேன். டாக்டருக்குத் தெரியாது என்பதால் தனக்குத் தெரியும் என்று ஆகிவிடாது. பலருக்குச் சொந்த உடம்புதான் ஆசிரியர். வலி குறைந்ததா, தூக்கம் வந்ததா என்பதை உடம்பு சொல்லும். கஞ்சா கலந்த மிட்டாய் வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதை முன்கூட்டிச் சொல்லாது. ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றை விழுங்கியவர் அவசரப் பிரிவில்தான் பாடம் படிக்கிறார். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு, கஞ்சாவிலுள்ள சிபிடி என்ற வேதிப்பொருள் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்பதையும் உடம்பு எச்சரிக்காது. லேபிளையும் நம்ப முடியாது: 2017-இல் இணையத்தில் வாங்கிச் சோதித்த 84 சிபிடி பொருள்களில் சரியான அளவு அச்சிட்டிருந்தவை 31 சதவீதம்தான்.

என் பயம் வேறு. டாக்டர் முகம் சுளிப்பார் என்று நோயாளி கஞ்சாவை மறைக்கிறார். மறைப்பதால் டாக்டருக்கும் கற்கும் வாய்ப்பு போகிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் துறை இதில் ஒரு நடுவழி பிடித்தது: அதன் டாக்டர்கள் கஞ்சாவுக்குச் சான்று தரமாட்டார்கள், ஆனால் உண்மையைச் சொல்லும் வீரரின் சலுகை பறிபோகாது. கற்பிக்கும் முயற்சிகளும் உண்டு. மேரிலாந்துப் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளி 2019-இல் மருத்துவக் கஞ்சாவுக்கென்றே முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. நியூயார்க்கில் திட்டம் தொடங்கியபோது, சான்று தர விரும்பிய டாக்டர் சில மணி நேரப் பாடம் படித்தே ஆக வேண்டியிருந்தது.

நோயாளி மறைக்கும் முன் டாக்டரே கேட்டுவிடுவது இன்னொரு வழி. 2023 ஜனவரியில் அமெரிக்க மயக்கவியல் சங்கம் ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதல், அறுவை சிகிச்சைக்கு வரும் எல்லோரிடமும் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேட்கச் சொல்கிறது. தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு மயக்க மருந்தும் பிறகு வலி மருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம். சற்றுமுன் புகைத்துவிட்டு வந்தவருக்கு, அவசரமில்லாத அறுவையை இரண்டு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும்.