பெட்டி சாகவில்லை, கண்டன்சர் காய்ந்துவிட்டது!

டெலிவிஷனைப் போட்டதும் திரையில் கம்பெனி முத்திரை வருகிறது. வந்த வேகத்தில் மறைகிறது. மறுபடி வருகிறது, மறுபடி மறைகிறது. செட்டாப் பெட்டியின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. "பெட்டி போய்விட்டது" என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டில் இப்படி நேர்ந்தால் அது சின்ன விஷயம் அல்ல. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ பஸ் ஏறி மலை இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. கீழே கடைக்காரர், "இது தேறாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் கைப்பணமும் போயிற்று.

ஆனால், இப்படித் தூக்கி எறியப்படும் பெட்டிகளில் பல சாகவே இல்லை! பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் கறுப்பு அடாப்டருக்குள், சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு கண்டன்சர் காய்ந்து போயிருக்கும். அதன் விலை சில ரூபாய்தான்.

இரும்பு போயிற்று, வேகம் வந்தது

பழைய ரேடியோக்களின் உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்பார்மர் இருந்தது. கையில் எடுத்தால் கல்லைப் போலக் கனக்கும். இன்றைய அடாப்டரோ தீப்பெட்டி போல லேசாக இருக்கிறது. என்ன மாயம்?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம், விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. புது ரக அடாப்டர் முதலில் இதை டி.சி. ஆக்கி, ஒரு பெரிய கண்டன்சரில் நிரப்புகிறது. அங்கே சுமார் 325 வோல்ட் நிற்கும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அந்த மின்சாரத்தை விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. பெரிய சாலால் மெதுவாக நீர் இறைப்பதற்குப் பதில், சின்னச் சொம்பால் படுவேகமாக இறைப்பது போலத்தான் இது. வேகம் கூடினால் சொம்பு சிறிதாகலாம், டிரான்ஸ்பார்மரும் சிறிதாகலாம்.

வெளியே வரும் 12 வோல்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு காவலாளியும் உண்டு. அவன் செய்தி அனுப்புவது வயரில் அல்ல, ஒளியில்! ஒரு சிறு விளக்கும் ஒரு கண்ணும் ஒரே சில்லுக்குள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. 325 வோல்ட் இருக்கும் பக்கமும், நாம் தொடும் பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் பேசிக்கொள்ள இந்த ஏற்பாடு.

விண்வெளிக் கலங்களுக்கும் ராணுவத்துக்கும் என்றிருந்த இந்த முறை, மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. 1977-ம் ஆண்டு வெளிவந்த 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டருக்கு ராடு ஹோல்ட் என்ற எஞ்சினீயர் இவ்வகைப் பவர் சப்ளையைத்தான் வடிவமைத்தார்.

நட்சத்திரமா, கரண்டா?

அதே 1977-ம் ஆண்டில் ஜவ்வாது மலையிலும் ஓர் அதிசயம் நடந்தது. மார்ச் 10-ந் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தின் அருகே கடந்து செல்வதை, காவலூர் வானாய்வுக்கூடத்தில் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி கவனித்துக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் சட்டென்று மங்கியது. ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவரும் இதைப் பதிவு செய்து, யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமான வானாய்வுக்கூடத்தின் பதிவுகள், அது துணைக்கோள் அல்ல, வளையங்கள் என்று காட்டின.

இதற்கும் அடாப்டருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அக்காலத்தில் நட்சத்திர ஒளியை அளக்கப் பயன்பட்ட போட்டோ மல்டிப்ளையர் குழாய்க்கு ஆயிரம் வோல்ட் வாக்கில் மின்சாரம் தேவை. அது ஒரு சதவீதம் இறங்கினாலே, அளவு ஏழெட்டு சதவீதம் இறங்கிவிடும். ஆகவே, கோடு சரிந்தால் விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மங்கியது நட்சத்திரமா, கரண்டா?

ரிப்பேர்க்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுவேதான். பெட்டி கெட்டதா, பெட்டிக்கு வரும் கரண்டு கெட்டதா?

மீட்டர் சொல்லும் பொய்

இங்கேதான் அநேகர் ஏமாறுகிறார்கள். அடாப்டரைக் கழற்றி மீட்டர் வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. "அடாப்டர் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் போயிற்று" என்கிறார்கள்.

மீட்டருக்குக் கரண்டு தேவையே இல்லை என்று சொல்லலாம். அதனால் சுமை இல்லாத அடாப்டர் தெம்பாக நிற்கிறது. பெட்டியை இணைத்துச் சுமையை ஏற்றினால் வோல்ட் சரிகிறது. பெட்டி அணைந்து, சுமை நீங்கியதும் வோல்ட் ஏறுகிறது. பெட்டி மறுபடி விழிக்கிறது. திரையில் முத்திரை வந்து வந்து போவது இதனால்தான்! அதே வோல்ட்டும், குறையாத ஆம்பியரும், அதே முனையும் உள்ள இன்னொரு அடாப்டரைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

கண்டன்சர் ஏன் காய்கிறது? அதன் உள்ளே ஈரமான ஒரு திரவம் உண்டு. வெப்பம் அதை வற்ற வைக்கிறது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று விற்கப்படும் கண்டன்சர், வெப்பம் 10 டிகிரி குறையக் குறைய ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் உழைக்கும். 85 டிகிரி என்றால் 8,000 மணி. இரவும் பகலும் சொருகியே கிடக்கும் அடாப்டருக்கு இது பதினொரு மாதம்! காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூட்டில் மலிவுச் சரக்கை வைத்து மூடினால் இதுதான் கதி. மலையில் காற்று குளிர்ந்திருக்கலாம். கூட்டுக்குள் குளிர் ஏது?

மலைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. காட்டு வழியே வரும் கம்பியில் கிளை முறிந்து விழலாம்; கோடை இடி இறங்கலாம். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் வயர் அறுந்தால் சில வீடுகளுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை பாயும். அப்போது 400 வோல்ட் தாங்கும் கண்டன்சரில் 560 வோல்ட் ஏறப் பார்க்கும். வெடிக்காமல் என்ன செய்யும்?

செத்த அடாப்டர் கொல்லும்

ஓடும் அடாப்டரை விட ஓடாத அடாப்டர் ஆபத்தானது. ஓடும் அடாப்டர், பிளக்கைப் பிடுங்கியதும் பெரிய கண்டன்சரில் உள்ளதைத் தானே செலவழித்துவிடும். ஓடாததில் அந்த 325 வோல்ட் அப்படியே காத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று கை வைத்தால் தூக்கி அடிக்கும். ஸ்குரூ டிரைவரால் 'ஷார்ட்' செய்வதும் தவறு. 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை உறை போட்ட வயரில் பற்றவைத்து, அதன் வழியே இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். இந்த ஒன்றில் பழக்கம் இல்லாதவர்கள் கூட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

திறந்தவர் முதலில் பார்க்க வேண்டியது கண்ணால்தான். 12 வோல்ட் பக்கத்துக் கண்டன்சரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் நோய் தெரிந்துவிட்டது. தலை தட்டையாக இருந்தும் 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால், சில்லுக்குப் பக்கத்தில் உள்ள குட்டிக் கண்டன்சரையும் மாற்ற வேண்டும். 105 டிகிரி, 'லோ ஈ.எஸ்.ஆர்.' என்று கேட்டு வாங்க வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகள் மாறக் கூடாது.

பியூஸ் கருகியிருந்தால் கதையே வேறு. டிரான்சிஸ்டரோ டயோடோ 'ஷார்ட்' ஆகியிருக்கும். பியூசுக்குப் பதில் செப்புக் கம்பி கட்டுவது வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை. கெட்டதை மாற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியஸில் போட்டுக் கரண்டு கொடுப்பார்கள் அனுபவசாலிகள். பல்பு ஒரு மின்னல் மின்னி அணைந்தால் பிழைத்தது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் 'ஷார்ட்'.

பழுது பார்க்கவே கூடாத அடாப்டர்களும் உண்டு. 325 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே, அட்டையில் நல்ல இடைவெளி இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் நீலக் கண்டன்சர் 'ஒய்' ரகமாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் சாதாரணக் கண்டன்சரைப் போட்டு, அது 'ஷார்ட்' ஆனால், பெட்டியின் உலோகத்திலேயே 230 வோல்ட் நிற்கும்! இவ்வகை அடாப்டர்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு பெற்று, பதிவு எண்ணைத் தாங்கி வர வேண்டும். எண்ணும் இல்லை, இடைவெளியும் இல்லை என்றால் குப்பைக்குத்தான்.

மற்றவை பிழைக்கும். பிழைத்ததா என்று பார்க்க மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரில் அதை மாட்டி, மீட்டரையும் இணைத்து ஒரு மணி நேரம் எரிய விட வேண்டும். பல்பு மங்காமல், மீட்டர் 12-ஐ விட்டு இறங்காமல் நின்றால் கூட்டை மூடிவிடலாம்.