கைவிட்ட ரெயில் யார்டில் காடு முளைத்தது! வெட்ட விடாமல் மக்கள் தடுத்தனர்

தண்டவாளத்துக்கு நடுவே மரம். மரத்தைச் சுற்றிப் புதர். புதருக்குள் ஒரு பழைய நீராவி என்ஜின். ஜெர்மனியில் பெர்லின் நகரின் தெற்கே உள்ள 'சூட்கெலண்டே' பூங்காவுக்குப் போகிறவர்கள் பார்க்கும் காட்சி இது.

ஒரு காலத்தில் இங்கே ராத்திரி பகலாக ஷண்டிங் நடந்தது. சரக்கு வேகன்களைப் பிரித்து, ஊர் வாரியாகக் கோத்து அனுப்பும் பெரிய யார்டு இது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. 1952-ல் ஷண்டிங் நின்றது. பிறகு காடு வந்தது!

நிலம் இங்கே, அதிகாரி அங்கே

இது எப்படி நடந்தது? எல்லாம் ஊர் ரெண்டுபட்டதால் வந்த வினை.

1945-ல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ரஷியா ஆகிய 4 நாடுகளும் பெர்லினைப் பங்கு போட்டுக் கொண்டன. அது நாளடைவில் கிழக்கு பெர்லின், மேற்கு பெர்லின் என்று ரெண்டானது. 1961 ஆகஸ்டு 13-ந் தேதி குறுக்கே வேலி போட்டு, பிறகு மதில் சுவரும் எழுப்பினார்கள். மேற்கு பெர்லினைச் சுற்றி அடைத்த எல்லையின் நீளம் சுமார் 155 கிலோ மீட்டர்.

ஆனால் ரெயில்வேயை மட்டும் பிரிக்கவில்லை. மேற்குப் பகுதியில் ஓடிய தண்டவாளமும் கிழக்கு ஜெர்மனி ரெயில்வேயின் கையில்தான் இருந்தது. யார்டு கிடப்பது மேற்கே, அதன் நிர்வாகம் கிழக்கே! ஊர் பிரிந்ததால் அந்த யார்டுக்கு வேலையும் இல்லாமல் போயிற்று. மேற்கு பெர்லின்காரர்கள் அங்கே கடை கட்ட முடியாது, வீடு கட்ட முடியாது. கிழக்கே இருந்தவர்களுக்கோ அதைக் கவனிக்க அவசியம் இல்லை.

கேட்பாரற்றுக் கிடந்த ஜல்லிக்கற்களுக்கு இடையே முதலில் புல் முளைத்தது. பிறகு பூச்செடிகள். அப்புறம் பிர்ச் மரங்களும், அமெரிக்காவில் இருந்து ஐரோப்பாவுக்கு வந்த ரொபினியா மரங்களும் கிளம்பின. யாரும் நடவில்லை. தண்ணீர் ஊற்றவும் இல்லை.

செடி எண்ணினார்கள்

மேற்கு பெர்லினில் இருந்த தாவர ஆராய்ச்சியாளர்கள் நினைத்தபோது நகரை விட்டு வெளியே போக முடியாத நிலை. சும்மா இருப்பார்களா? குண்டு விழுந்து இடிந்த மனைகளிலும் காலி நிலங்களிலும் முளைத்த செடிகளையே ஆராய்ந்தார்கள். பேராசிரியர் ஹெர்பர்ட் சுகோப் இந்தத் துறையில் உலகப் பெயர் பெற்றார். "குப்பைச் செடி" என்று மற்றவர்கள் ஒதுக்கியதை இவர்கள் ஒன்று விடாமல் எண்ணிக் குறித்தார்கள்.

அந்தக் கணக்கு பின்னால் கை கொடுத்தது. யார்டில் கோடரி விழும் நேரம் வந்தது.

மரத்தை வெட்டத் திட்டம்

அந்த இடத்தில் புதிதாகச் சரக்கு ரெயில் நிலையம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் போய்விடும் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்து மக்கள் கிளம்பினார்கள். 1980-களில் குழு அமைத்துப் போராடினார்கள். "காலி நிலம்தானே, உங்களுக்கு என்ன?" என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. 300-க்கும் மேற்பட்ட செடி வகைகள் அங்கே வளர்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் பட்டியலையே நீட்டினார்கள்!

திட்டம் நிறைவேறவில்லை. 1989 நவம்பர் 9-ந் தேதி சுவர் திறந்தது. ஊர் ஒன்றானது. ரெயில்வேயும் பிறகு ஒன்றானது.

சுவர் போனதும் காட்டுக்குப் புது ஆபத்து வந்திருக்கலாம். தலைநகரில் மனை விலை சும்மா இருக்குமா? ஆனால் வேறு விதமாக நடந்தது. நகரின் நடுவே புதிய ரெயில் பாதைகள் போட்டபோது அழிந்த பசுமைக்கு ஈடாக இந்த நிலம் பெர்லின் நகரத்துக்குக் கிடைத்தது. 1999-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2000-ம் ஆண்டில் சுமார் 18 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 45 ஏக்கர் நிலம், பூங்காவாகத் திறக்கப்பட்டது.

காட்டுக்கும் காவல்

அப்படியே விட்டுவிட்டால் போதுமா? போதாது. 1981-ல் இந்த நிலத்தில் மரமும் புதரும் மூடியிருந்த பகுதி ஏறக்குறைய 37 சதவீதம். பத்தே ஆண்டில் அது 70 சதவீதம் ஆகிவிட்டது. மரம் மூடினால் வெயில் விழாது. வெயில் இல்லாவிட்டால் புல்வெளிப் பூக்கள் போய்விடும். அந்தப் பூக்களை நம்பியுள்ள காட்டுத்தேனீக்களும் போய்விடும்.

அதனால் நிலத்தைப் பாகம் பிரித்தார்கள். ஒரு பகுதியில் புல் அறுத்து, மரக்கன்றுகளை அகற்றி, வெட்டவெளியாக வைக்கிறார்கள். இன்னொரு பகுதியில் யாரும் கை வைப்பதில்லை. காடு தன் போக்கில் வளர்கிறது. செடிகள் மிதிபடாமல் இருக்கத் தரைக்கு மேலே இரும்பு நடைபாதையும் போட்டிருக்கிறார்கள்.

இந்தக் காட்டை உண்டாக்க யாரும் பாடுபடவில்லை. அதைக் காப்பாற்ற மக்கள் பல ஆண்டுகள் போராட வேண்டி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.