லேப்டாப்பை விற்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். லேப்டாப் அந்த ஜாதி இல்லை சார்! கடையில் பில் போட்டு வாங்கி, பஸ் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் அது 'செகண்ட் ஹாண்ட்' ஆகிவிடும்.

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போனால் நாகமலை புதுக்கோட்டை. பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும் மலை. அருகே வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி. கொஞ்சம் தள்ளி காமராசர் பல்கலைக்கழகம். காலை பஸ்ஸில் முதுகுப் பையோடு ஏறும் இளைஞர்களில் பாதிப் பேர் மனசில் ஒரே கணக்குதான். 'நாலு வருஷம் முந்தி ஐம்பதாயிரம். பாதி விலைக்குத் தள்ளிட்டா, மேல கொஞ்சம் போட்டுப் புதுசு வாங்கிரலாம்.'

கடையில் நடப்பது வேறு.

"என்ன தம்பி எதிர்பார்க்கிறீங்க?"

"இருபத்தஞ்சுண்ணே."

அண்ணன் மூடியைத் திறக்கிறார், ஆட்டுகிறார், மூடுகிறார். "ஹிஞ்ச் ஆடுது. எட்டு ரூபா தரலாம்." (எட்டு ரூபாய் என்றால் எட்டாயிரம். வியாபாரத்தில் ஆயிரத்தை வாய்விட்டுச் சொல்வது கௌரவக் குறைச்சல்!)

அடிமாட்டு விலை கேட்கிறாரே என்று பல்லைக் கடிக்காதீர்கள். வருமான வரிச் சட்டம் அவரைவிடக் கருமி. கம்ப்யூட்டருக்கு அது அனுமதிக்கும் தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம். 2017-க்கு முன்பு 60 ஆக இருந்தது! ஐம்பதாயிரம் முதல் வருடம் முடியும்போது 30,000. அடுத்து 18,000. மூன்றாம் வருடம் 10,800. நாலாவது வருடம் 6,480. அண்ணன் சொன்னது எட்டு! பரமபத அட்டையில் ஏணியை எல்லாம் அழித்துவிட்டுப் பாம்பை மட்டும் விட்ட மாதிரி.

ஒரே வயசு மெஷின் இரண்டு வேறு விலைக்குப் போவதும் உண்டு. 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ஏழாம் தலைமுறை நன்றாகவே ஓடினாலும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவது அதனால்தான். உடம்பில் ஒரு குறையும் இல்லை, பாவம், ஜாதகம் சரியில்லை! அதே 2025 கடைசியில் ஏ.ஐ. கம்பெனிகள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. 16 ஜி.பி. ரேம் உள்ள பழசுக்கு அதனால் கொஞ்சம் மவுசு.

சரி, வாங்குகிறவர் கதைக்கு வருவோம். முதல் சம்பளத்தில் பழசு வாங்கும் பையனுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் ஆபீஸ் மாடல்கள் சந்தைக்கு வருகின்றன. அழகில்லை, உழைக்கும். ஆனால் காசை நீட்டும் முன் கடையிலேயே ரீசெட் செய்து, நெட்டை இணைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனி பெயரோடு லாகின் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பூட்டைத் திறக்க அந்தக் கம்பெனிதான் மனசு வைக்கவேண்டும்.

பேட்டரி ரிப்போர்ட்டை விண்டோஸே எடுத்துக் கொடுக்கும். புதிதில் இருந்த கொள்ளளவு, இன்றைய கொள்ளளவு என இரண்டு எண்கள் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. செலவையும் கழிக்கலாம்.

மூடியில் அரசு முத்திரையோடு ஒன்று "சீப்பா" வருகிறதா? தொடாதீர்கள். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தது அது. படிக்கக் கொடுத்ததை விற்கக் கூடாது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு, ஸ்டேஷனில் பதில் சொல்ல யாரால் முடியும்?

விற்பவருக்கு இரண்டு யோசனை. வாரண்டி மிச்சம் இருக்கும்போதே விற்றால் பேரத்தில் உங்கள் குரல் கொஞ்சம் உயரும். பில்லும் ஒரிஜினல் சார்ஜரும் கையில் இருக்கட்டும். கொடுக்கும் முன் எல்லா அக்கவுன்ட்டிலிருந்தும் வெளியே வந்து, 'டிரைவைச் சுத்தம் செய்' என்கிற ரீசெட்டையே தேர்ந்தெடுங்கள். வெறும் 'டிலீட்' போட்டதைத் திரும்ப எடுத்துவிடலாம். உங்கள் பான் கார்டு ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், 'பர்சனல்' என்று பேர் வைத்து ஒளித்த ஃபோல்டர்... அதையெல்லாம் சேர்த்தா எட்டு ரூபாய்க்குக் கொடுப்பீர்கள்?